கிங் ஆலிவர் வெறும் ஆர்ம்ஸ்ட்ராங்கோட குரு மட்டும்தானா?

கேள்வி இதுதான்: அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங் பத்தி எங்க படிச்சாலும் கிங் ஆலிவர்னு ஒரு பேர் வருது, ஆனா "இவர்தான் குரு"ன்னு ஒரு வரியில முடிச்சிட்டு போயிடறாங்க, உண்மையில அவர் யாரு, சொந்தமா என்ன பண்ணாரு, அவ்ளோ பெரிய ஆளு கடைசியில ஒரு பூல் (பில்லியர்ட்ஸ் மாதிரி விளையாட்டு) ஹால்ல கூட்டிப் பெருக்குற வேலைக்கு ஏன் போனாரு?

அந்த ஒரு வரி எனக்கும் ரொம்ப நாளா உறுத்திட்டு இருக்கு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

மொதல்ல என் கருத்தை சொல்லிடறேன். ஜாஸ்னா இன்னைக்கு நம்ம மனசுல வர்றது ஒரு ஆள் முன்னாடி வந்து நின்னு சோலோ வாசிக்கிறது, மத்தவங்க பின்னாடி தாங்கிப் பிடிக்கிறது. ஆலிவர் வாசிச்ச ஜாஸ் அது இல்ல. அவரோடது எல்லாரும் ஒரே நேரத்துல வாசிச்சும் ஒருத்தர் மேல ஒருத்தர் விழாத இசை. அந்தக் கூட்டு வாசிப்பை அவர் அளவுக்குக் கட்டி மேய்ச்சவங்க ரெக்கார்டுல வேற யாருமே கிடையாதுன்னு நான் நம்புறேன். ஜாஸ் வரலாறை சோலோ கலைஞர்களோட வரலாறா எழுத ஆரம்பிச்சதும் இவருக்கு குருங்கிற ஒரே ஒரு நாற்காலிதான் மிச்சமாச்சு.

சரி, 1923 ஏப்ரல் 5-ல இருந்து ஆரம்பிக்கலாம். சிகாகோவுல இருந்து ஆலிவர் பேண்ட்காரங்க ஏழு பேர் இண்டியானா மாநிலத்துல ரிச்மண்ட்ங்கிற சின்ன ஊருக்கு போறாங்க. அங்க ஒரு பியானோ ஃபேக்டரி வளாகத்துக்குள்ள ஜெனெட் கம்பெனியோட ரெக்கார்டிங் ஸ்டுடியோ இருக்கு, பக்கத்துலயே ரயில் தண்டவாளம், ரயில் வந்தா ரெக்கார்டிங்க நிறுத்தணும். மைக் எல்லாம் அப்ப கிடையாது, மின்சார ரெக்கார்டிங் வர இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. சுவத்துல ஒரு பெரிய புனல் மாதிரி குழாய், அது முன்னாடி நின்னு வாசிச்சா அந்தச் சத்தத்தோட அதிர்வுலயே ஊசி மெழுகுத் தட்டுல கோடு போடும், அவ்ளோதான் டெக்னாலஜி. டிரம்ஸ்ல பெரிய பேஸ் டிரம்மை அடிச்சா ஊசி எகிறிடும், அதனால பேபி டாட்ஸ் மாதிரி ஒரு மகா டிரம்மர் மரக்கட்டைய தட்டிட்டு உக்காந்திருக்க வேண்டியதாச்சு. பேஸ்ங்கிற பெரிய தந்தி வாத்தியம் வாசிக்கிற பில் ஜான்சன் அதை விட்டுட்டு பாஞ்சோங்கிற சின்ன தந்தி வாத்தியத்தை எடுத்துக்கிட்டார். பேண்ட்ல அண்ணன் தம்பி ரெண்டு பேர், டிரம்ஸ் பேபி டாட்ஸ், கிளாரினெட் ஜானி டாட்ஸ். டிரோம்போன் ஹானரே டூட்ரே. பியானோ லில் ஹார்டின்னு ஒரு இளம்பெண். முதல் கார்னெட் ஆலிவர், ரெண்டாவது கார்னெட் லூயி ஆர்ம்ஸ்ட்ராங், வயசு 21.

(கார்னெட்னா டிரம்பெட்டோட கொஞ்சம் குட்டையான உருவம், சத்தம் இன்னும் கொஞ்சம் உருண்டையா இருக்கும். ஜாஸ் பொறந்த ஊரான நியூ ஆர்லியன்ஸோட அந்தக் காலத்து ஆளுங்க எல்லாம் பெரும்பாலும் அதைத்தான் வாசிச்சாங்க.)

ஆர்ம்ஸ்ட்ராங்கோட சத்தம் மத்தவங்களை எல்லாம் முழுங்கிடுதுன்னு அவரை மட்டும் குழாய்ல இருந்து பத்து பதினஞ்சு அடி தள்ளி நிக்க வெச்சாங்கன்னு லில் ஹார்டின் பல வருஷம் கழிச்சு சொல்லியிருக்காங்க, அந்தப் பையன் மூலையில தனியா சோகமா நின்னுட்டு இருந்ததாகவும் அவங்க ஞாபகம். இந்தக் கதைய எல்லாரும் "பாருங்க, சிஷ்யன் அப்பவே குருவை மிஞ்சிட்டான்"னு சொல்றதுக்கு பயன்படுத்துவாங்க. எனக்கு அதுல இன்னொரு விஷயம் படுது. அப்படி ஒரு குரலை ரெண்டாவது இடத்துல உக்கார வெச்சு, அவனும் சந்தோஷமா உக்காந்து, ரெண்டு பேரும் சேர்ந்து வாசிச்சா ஒரே ஆள் வாசிக்கிற மாதிரி இருக்கணும்னா அந்த பேண்ட் தலைவருக்கு எவ்ளோ காது இருந்திருக்கணும்?

அன்னைக்கும் அடுத்த நாளும் சேர்த்து ஒன்பது பாட்டு ரெக்கார்டு ஆச்சு. அந்த வருஷம் முழுக்க நாலு கம்பெனிக்கு, ஜெனெட், ஓகே, கொலம்பியா, பாராமவுண்ட், எல்லாம் சேர்த்து நாப்பதுக்கு கொஞ்சம் கம்மியா. ஜாஸ்ங்கிற பேர்ல முதல் ரெக்கார்டு 1917-லயே வந்திருச்சு, ஆனா அது நியூ ஆர்லியன்ஸ்ல இருந்து வந்த வெள்ளைக்கார பேண்டோடது. அந்த இசையை உண்டாக்கின கறுப்பின மக்களோட முதல் தர பேண்ட் ஒண்ணு இவ்ளோ பாட்டை ரெக்கார்டா விட்டுட்டு போனது ஆலிவர் மூலமாத்தான் முதல்ல நடந்துச்சு. அதுவும் எந்தச் சூழல்ல? அதே ஜெனெட் கம்பெனி காசு வாங்கிட்டு கூ கிளக்ஸ் கிளான்ங்கிற வெள்ளை இனவெறிக் கும்பலுக்கும் ரெக்கார்டு அடிச்சுக் கொடுத்துட்டு இருந்த காலம், இண்டியானாவுல அந்த கும்பலோட செல்வாக்கு உச்சத்துல இருந்த வருஷங்கள்.

இப்ப பின்னாடி போவோம்.

ஜோ ஆலிவர் பொறந்தது லூயிசியானா மாநிலத்துல ஒரு கிராமப்புறத்துல, 1880-கள்ல. சின்ன வயசுலயே நியூ ஆர்லியன்ஸ் வந்துட்டார், அம்மா போனதுக்கு அப்புறம் வளத்தது அக்கா விக்டோரியா. இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வருவாங்க. சின்ன வயசுல ஒரு கண்ணு போச்சு, அதனால தொப்பியை அந்தப் பக்கமா சாய்ச்சு போட்டுக்குற பழக்கம். பகல்ல வெள்ளைக்காரங்க வீட்டுல பட்லர் வேலை, சாயங்காலம் ஊர்வலம், சவ ஊர்வலம், நடன ஹால்னு வாசிப்பு. அந்த ஊர்ல ஒருத்தர் செத்தா பிராஸ் பேண்ட் கல்லறை வரைக்கும் மெதுவா சோகமா வாசிச்சுட்டு போகும், திரும்பி வரும்போது குதியாட்டம் போடற மாதிரி வாசிக்கும், அங்கதான் இவர் மாதிரி ஆளுங்களுக்கு மூச்சு பழகினது. ஆன்வர்ட் பிராஸ் பேண்ட்ல வாசிச்சார், அப்புறம் டிரோம்போன் கலைஞர் கிட் ஓரியோட பேண்ட்ல முக்கியமான கார்னெட் இவர்தான்.

"கிங்"ங்கிற பட்டம் எப்படி வந்துச்சுன்னா, அந்த ஊர்ல அது கார்னெட்காரங்களுக்குள்ள கைமாறுற பட்டம். முன்னாடி பட்டி போல்டன் இருந்தார், அப்புறம் ஃப்ரெடி கெப்பர்ட். ஸ்டோரிவில்னு பாலியல் தொழிலுக்குன்னே ஒதுக்கி வெச்ச ஏரியா ஒண்ணு, அங்க தெருவுக்கு தெரு பார், பாருக்கு பார் இசை. ஒரு ராத்திரி கெப்பர்ட்டை எல்லாரும் புகழ்ந்துட்டு இருந்தது பொறுக்காம ஆலிவர் கார்னெட்டோட தெருவுக்கு இறங்கி, எதிர் பார் வாசலை பார்த்து வாசிக்க ஆரம்பிச்சார், உள்ள இருந்த கூட்டம் அப்படியே வெளிய வந்துருச்சுன்னு பழைய வாசிப்பாளர்கள் சொல்ற ஒரு கதை இருக்கு. கதைய கதையாவே எடுத்துக்கலாம், ஆனா பட்டத்தை ஓரியே விளம்பரத்துல போட்டு வளத்தார்.

அதே தெருக்கள்ல அப்ப சுத்திட்டு இருந்த ஒரு ஏழைப் பையன்தான் லூயி. ஆலிவரோட மனைவி ஸ்டெல்லாவுக்கு கடைக்குப் போயிட்டு வர்றது, எடுபிடி வேலை செய்யறது, பதிலுக்கு அவர் வீட்டுல சாப்பாடும் கார்னெட் பாடமும். தன்னோட பழைய கார்னெட் ஒண்ணையும் ஆலிவர் அவனுக்குக் கொடுத்தார். லூயி அவரை கூப்பிட்டது "பாப்பா ஜோ". சாகுற வரைக்கும், உலகமே தன்னைக் கொண்டாடின பிறகும், ஆர்ம்ஸ்ட்ராங் இந்த மனுஷனைப் பத்தி ஒரு குறை சொல்லணும்னா கூட தயங்கித் தயங்கித்தான் சொல்வார்.

1917 நவம்பர்ல கடற்படை அழுத்தத்துல ஸ்டோரிவில்லை மூடினாங்க. அதனாலதான் ஜாஸ் சிகாகோவுக்கு போச்சுன்னு நிறைய இடத்துல எழுதியிருப்பாங்க, அது பாதிதான். அந்த வருஷங்கள்ல தெற்குல இருந்து லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கு நகரங்களுக்கு கிளம்பினாங்க, சிகாகோ இறைச்சி ஃபேக்டரிலயும் இரும்பு ஆலைலயும் வேலை கிடைச்சுது, தெற்கோட வன்முறைல இருந்து தப்பிக்க முடிஞ்சுது. கையில கூலி வந்தா ராத்திரி ஆடுறதுக்கு இசை வேணும் இல்ல? இசைக்காரங்க தங்களோட ஜனங்க பின்னாடி போனாங்க. ஆலிவரும் அப்படித்தான் முதல் உலகப் போர் முடியற சமயத்துல சிகாகோ போனார், ஓரி பேண்ட்ல அவர் விட்டுட்டு போன இடத்துல பையன் லூயி உக்காந்தான்.

சிகாகோவுல ஒரே ராத்திரில ரெண்டு இடத்துல வாசிச்சிருக்கார். 1920-ல சொந்த பேண்ட், 1921-ல கலிஃபோர்னியா போய் கொஞ்ச நாள், 1922 ஜூன்ல திரும்பி வந்து தெற்கு சிகாகோவுல லிங்கன் கார்டன்ஸ்னு ஒரு பெரிய நடன ஹால்ல உக்காந்தார். அங்க இருந்து லூயிக்கு அழைப்பு போச்சு, ஆகஸ்ட்ல பையன் வந்து இறங்கினான். கிரியோல் ஜாஸ் பேண்ட்ங்கிற ஆலிவரோட பேண்ட் முழுசாச்சு, அடுத்த வருஷம் ரிச்மண்ட் போனது இதுதான்.

அந்த ரெண்டு கார்னெட் விஷயத்தை கொஞ்சம் விளக்கணும், ஏன்னா அதுதான் ஊரையே அடிச்சுப் போட்டது. பாட்டு நடுவுல "பிரேக்"னு ஒண்ணு வரும், ரெண்டு தாள அளவுக்கு மொத்த பேண்டும் நின்னுடும், அந்த இடைவெளியில யாராவது ஒருத்தர் ஒரு பிடி வாசிச்சுட்டு சரியா தாளத்துல வந்து விழணும். வழக்கமா அது ஒரு ஆள் வேலை. இங்க ஆலிவரும் ஆர்ம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து, ரெண்டு வேற வேற குரல்ல, எழுதி வெக்காம, பிசிறு தட்டாம வாசிப்பாங்க. ரெட்டை நாயனம் பக்கத்துல உக்காந்து கேட்டவங்களுக்கு அந்தப் புல்லரிப்பு புரியும். எப்படின்னு யாருக்கும் பிடிபடல. ரகசியம் என்னன்னா, கூட்டு வாசிப்பு ஓடிட்டு இருக்கும்போதே ஆலிவர் அடுத்த பிரேக்ல தான் வாசிக்கப் போற பிடியை சன்னமா லூயிக்கு காட்டிடுவார், லூயி அதுக்கு ரெண்டாவது குரலை அந்த நேரத்துல மனசுல கட்டிக்குவார். இதைக் கேக்குறதுக்குன்னே மத்த பேண்ட்காரங்க தங்களோட வேலை முடிஞ்சதும் அங்க ஓடி வருவாங்க, வெள்ளைக்கார இளம் பசங்களும் வந்து ஓரமா உக்காந்து பாடம் படிச்சாங்க, பின்னாடி பெரிய பேர் வாங்கினவங்க அதுல நிறைய பேர்.

ஆலிவரோட சொந்த வாசிப்புல என்ன விசேஷம்னு கேட்டா, மியூட். அதாவது கார்னெட் வாயை எதையாவது வெச்சு மூடித் திறந்து அந்த சத்தத்தை பேச வெக்கிறது. கப்பு, கண்ணாடி டம்ளர், பாட்டில், தொப்பி, சிங்க் அடைப்பு எடுக்கிற ரப்பர் கப்பு வரைக்கும் கையில கிடைச்சது எல்லாத்தையும் வெச்சு குழந்தை அழற மாதிரி, யாரோ கெஞ்சுற மாதிரி, அதட்டற மாதிரி எல்லாம் வாசிப்பார். வேடிக்கைக்கு செஞ்ச வித்தைன்னு இதை ஒதுக்கிடக் கூடாது. பப்பர் மைலின்னு நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு இளம் டிரம்பெட் கலைஞர் 1921 வாக்குல சிகாகோ வந்தப்ப இவரைக் கேட்டார், கேட்டு மாறிப் போய் அந்த உறுமலை, பின்னாடி ஜாஸோட மிகப் பெரிய பேண்ட் தலைவர்கள்ல ஒருத்தரான டியூக் எலிங்டனோட பேண்டுக்கு கொண்டு போனார், எலிங்டனோட ஆரம்ப கால சத்தமே அதுமேல கட்டினதுதான். அப்ப கணக்கு பாருங்க: ஆர்ம்ஸ்ட்ராங்கும் இவர் கிட்ட இருந்து, எலிங்டனோட முதல் அடையாளமும் இவர் கிட்ட இருந்து.

ரிச்மண்ட்ல ரெண்டாம் நாள் ரெக்கார்டு பண்ண "டிப்பர்மவுத் புளூஸ்" கேட்டீங்கன்னா நான் சொல்றது எல்லாமே மூணு நிமிஷத்துக்குள்ள இருக்கு. 12 தாள அளவுல அமைஞ்ச புளூஸ் (கறுப்பின மக்களோட ஒரு பாட்டு வடிவம்), அது திரும்பத் திரும்ப சுத்தும், ஒவ்வொரு சுத்தும் ஒரு கோரஸ். முதல் ரெண்டு கோரஸ் எல்லாரும் சேர்ந்து. அப்புறம் ஜானி டாட்ஸோட கிளாரினெட் ரெண்டு கோரஸ், மத்தவங்க நிறுத்தி நிறுத்தி ஒத்தை அடி மட்டும் போடுவாங்க. திரும்ப கூட்டு. அதுக்கப்புறம் ஆலிவர் மியூட்டோட மூணு கோரஸ். அதுல பெருசா வேகம் இல்ல, உச்ச ஸ்தாயி இல்ல, நாலஞ்சு ஸ்வரத்தையே திருப்பித் திருப்பி வளைச்சு வளைச்சு வாசிக்கிறார், ஆனா ஒவ்வொரு கோரஸும் முந்தினதை விட ஒரு படி சூடு ஏறும், மூணாவது முடியும்போது பில் ஜான்சன் தாங்க முடியாம "வாசிங்கய்யா அதை!"ங்கிற மாதிரி ஒரு கத்து கத்துவார், மொத்த பேண்டும் உள்ள இறங்கும். அந்த மூணு கோரஸை ஸ்வரம் மாறாம மனப்பாடம் பண்ணி ரெண்டு தலைமுறை டிரம்பெட்காரங்க வாசிச்சிருக்காங்க. 1925-ல ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் பேண்ட் இதையே "ஷுகர் ஃபுட் ஸ்டாம்ப்"னு வேற பேர்ல ரெக்கார்டு பண்ணப்ப ஆர்ம்ஸ்ட்ராங் அதுல தன் சொந்த சோலோ எதுவும் வாசிக்கல, ஆலிவரோட சோலோவைத்தான் வாசிச்சார்.

எல்லாம் நல்லா போயிட்டு இருந்த பேண்ட் ஏன் ரெண்டே வருஷத்துல உடைஞ்சுது? இந்த இடத்துல ஆலிவரைக் காப்பாத்தி எழுத எனக்கு விருப்பம் இல்ல. காசு விஷயத்துல அவர் நேர்மையா நடந்துக்கல. லில் ஹார்டின் சொன்ன கணக்குப்படி ஒவ்வொருத்தர் பேருலயும் வாரத்துக்கு 95 டாலர் வாங்கிட்டு கையில 75 கொடுத்தார். ரெக்கார்டு ராயல்டி செக்கை காட்டச் சொல்லி கேட்டும் காட்டலன்னு பேபி டாட்ஸ் சொல்லியிருக்கார். சண்டை முத்தி டாட்ஸ் அண்ணன் தம்பியும் டூட்ரேவும் வெளிய போனாங்க. லூயி போகல, பாப்பா ஜோவை விட்டு எப்படி போறதுன்னு நின்னார்.

ஆனா 1924 பிப்ரவரில லூயியும் லில்லும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, லில் தெளிவான பொண்ணு. ஆலிவரே அவங்க கிட்ட ஒரு தடவை மனசு விட்டு சொல்லியிருக்கார், லூயி என்னை விட நல்லா வாசிப்பான், ஆனா என் கூட இருக்குற வரைக்கும் என்னைத் தாண்ட முடியாது, அது வரைக்கும் நான்தான் கிங்னு. அதைக் கேட்ட மனைவி சும்மா இருப்பாங்களா? ரெண்டாவது கார்னெட்டாவே இருந்து காலத்தை ஓட்டாதன்னு புருஷனைத் தள்ளித் தள்ளி அந்த வருஷ நடுவுல விலக வெச்சாங்க. செப்டம்பர்ல லூயி நியூயார்க்ல ஹெண்டர்சன் பேண்ட்ல இருந்தார். இதுல லில் செஞ்சது சரின்னுதான் நான் சொல்வேன், இல்லன்னா ஆர்ம்ஸ்ட்ராங் நமக்கு கிடைச்சிருக்க மாட்டார்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி லிங்கன் கார்டன்ஸ் தீப்பிடிச்சுது. பேண்டும் போச்சு, ஹாலும் போச்சு. ஆலிவர் மனசு உடையல, பிளான்டேஷன் கஃபேங்கிற பெரிய கிளப்புக்கு போய் டிக்ஸி சிங்கபேட்டர்ஸ்னு புது பேண்ட் கட்டினார், இந்த தடவை சாக்ஸஃபோன் எல்லாம் சேர்த்து, யார் எதை வாசிக்கணும்னு எழுதி வெச்ச இசைக்குறிப்போட. அந்த கிளப் இருந்தது, நியூயார்க்ல இருந்து திரும்பி வந்த ஆர்ம்ஸ்ட்ராங் 1926-ல வாசிச்ச சன்செட் கஃபேக்கு எதிர்ல. தெருவுக்கு இந்தப் பக்கம் குரு, அந்தப் பக்கம் சிஷ்யன். "ஸ்னாக் இட்", "வா வா வா" எல்லாம் இந்தக் காலத்து ரெக்கார்டு, நல்லா வித்துச்சு. "டாக்டர் ஜாஸ்" இவர் எழுதினது, ஜெல்லி ரோல் மார்ட்டன்ங்கிற ஜாஸ் பியானோகாரர் பாடி பேர் வாங்கினார். கொஞ்சம் கவனிச்சீங்கன்னா இது ஒரு பழக்கமாவே ஆயிடுது, இவர் போடற விதை வேற யாரோ வீட்டு முத்தத்துல காய்க்கும்.

1927-ல பிளான்டேஷனும் மூடியாச்சு. மே மாசம் பேண்டோட நியூயார்க் போய் சவாய் பால்ரூம்ங்கிற நடன ஹால்ல ரெண்டு வாரம் வாசிச்சார். கைத்தட்டல் இருந்துச்சு, ஆனா ஊர் அதிரல. ஆர்ம்ஸ்ட்ராங் பின்னாடி சொன்ன காரணம்தான் எனக்கு சரியா படுது: அவர் நியூயார்க்குக்கு லேட்டா போனார், அவர் போறதுக்குள்ள அங்க எல்லாரும் அவரைத்தான் வாசிச்சுட்டு இருந்தாங்க. அந்த ஊர் ஜனங்களுக்கு ஒரிஜினலே காப்பி மாதிரி கேட்டிருக்கும்.

அங்கதான் அவரோட பெரிய தப்பும் நடந்துச்சு. நியூயார்க்ல ஹார்லெம்ங்கிற ஏரியாவுல இருந்த காட்டன் கிளப்காரங்க ஒரு நிரந்தர பேண்ட் தேடிட்டு இருந்தாங்க, ஆலிவரைக் கேட்டாங்க, இத்தனை பேர் பேண்டுக்கு இந்தக் காசு பத்தாதுன்னு மறுத்துட்டார். அந்த டிசம்பர்ல அங்க போய் உக்காந்தது டியூக் எலிங்டன், அங்கிருந்து ரேடியோ ஒலிபரப்பு வழியா நாடு முழுக்க தெரிஞ்சார். ஆலிவர் போயிருந்தா எலிங்டன் ஆகியிருப்பாருன்னு சொல்ல முடியாது, எலிங்டன் வேற ரக கலைஞர். ஆனா ஆலிவரோட எண்ணம் இன்னும் சிகாகோ கணக்குலயே இருந்துச்சு, பேண்ட் தலைவர்னா ராத்திரிக்கு இவ்ளோ ரூபாய், அவ்ளோதான். ரேடியோ வந்தா வாசிக்கிற இடத்தோட மதிப்பே மாறும்ங்கிறது அவர் கணக்குல வரல. கூலியைப் பார்த்து ஒரு இடத்தை விட்டார். வேலை இல்லாம அவரோட ஆட்கள் ஒவ்வொருத்தரா பிரிஞ்சாங்க, அதுல பியானோகாரர் லூயிஸ் ரஸ்ஸல் நியூயார்க்லயே சொந்த பேண்ட் ஆரம்பிச்சு ஆலிவரோட பழைய ஆளுங்க பல பேரைச் சேர்த்துக்கிட்டார்.

உடம்பும் அதே நேரத்துல கை விட்டுச்சு. ஈறு நோய். கார்னெட் வாசிக்கிறவருக்கு உதடும் முன்பல்லும்தான் மூலதனம், உலோக மவுத்பீஸை பல் மேல அழுத்தி வெச்சுதான் வாசிக்கணும், பல் ஆடினா முடிஞ்சுது. ஆளுக்கு இனிப்புன்னா உயிர், ரொட்டிக்கு நடுவுல சர்க்கரையைக் கொட்டி சாண்ட்விச்சா சாப்பிடுவார்னு கூட வாசிச்சவங்க சொல்லியிருக்காங்க. 1929-30-ல விக்டர் கம்பெனிக்கு பண்ண ரெக்கார்டுகள்ல நிறைய இடத்துல சோலோ வாசிக்கிறது வேற ஆளுங்க, பேர் மட்டும் கிங் ஆலிவர். சில நாள் வாசிப்பார், அப்ப அந்தப் பழைய குரல் ரெண்டு வரி வரும், அதைக் கேட்டா எனக்கு நெஞ்சு அடைக்கும்.

இந்த சமயத்துலதான் "வெஸ்ட் எண்ட் புளூஸ்". ஜாஸ் ரெக்கார்டுகள்லயே பெருசுன்னு பலர் சொல்றது ஆர்ம்ஸ்ட்ராங்கோட வெஸ்ட் எண்ட் புளூஸ், 1928 ஜூன் 28. மெட்டு யாரோடது? ஆலிவரோடது. அதே மாசம் 11-ஆம் தேதி அவரே தன் பேண்டோட ரெக்கார்டு பண்ணிட்டார். பதினேழு நாள் வித்தியாசம்.

பொருளாதார வீழ்ச்சியில சிகாகோவுல ஒரு பேங்க் மூழ்கினதுல சேமிப்பும் போச்சு. 1930-கள்ல பல வருஷம் பஸ்ல ஊர் ஊரா தெற்குலயும் மத்திய மாநிலங்கள்லயும் சுத்தினார், வழியில பஸ் நின்னு போகும், ஏற்பாடு பண்ணவன் காசு கொடுக்காம போயிடுவான், பசங்க பாதில விட்டுட்டு போவாங்க, புதுசா இளம் பசங்களை எடுத்து திரும்ப கிளம்புவார். வாசிக்க முடியாத பேண்ட் தலைவர், மேடையில முன்னாடி நிக்கிறது மட்டும்தான். கடைசியா ஜார்ஜியா மாநிலத்துல சவானா ஊர்ல நின்னார்.

1937-ல ஆர்ம்ஸ்ட்ராங் தன்னோட பெரிய பேண்டோட சவானா போனார். தெருவுல காய்கறி வண்டி வெச்சு தக்காளி, உருளைக்கிழங்கு வித்துட்டு இருந்தது பாப்பா ஜோ. அந்த பேண்ட்ல இருந்தவங்க யாருன்னு பாருங்க, லூயிஸ் ரஸ்ஸல், ரெட் ஆலன், ஆல்பர்ட் நிக்கலஸ், பால் பார்பரின், எல்லாம் ஒரு காலத்துல ஆலிவர் கிட்ட வேலை பார்த்தவங்க, அந்த ரஸ்ஸல் பேண்ட்தான் ஆர்ம்ஸ்ட்ராங் பேண்டா மாறியிருந்துச்சு. கையில இருந்ததை எல்லாம் கொடுத்தாங்க, ஆர்ம்ஸ்ட்ராங் மட்டும் 150 டாலர் கிட்ட. அழுகை எதுவும் இல்ல, பசங்களைப் பார்த்த சந்தோஷம்தான் இருந்துச்சுன்னு ஆர்ம்ஸ்ட்ராங் பின்னாடி சொன்னார். அன்னைக்கு ராத்திரி கச்சேரி நடக்கும்போது மேடை ஓரத்துல பார்த்தா ஆலிவர் நிக்கிறார், அடகு வெச்ச கோட்டு, தொப்பி எல்லாத்தையும் மீட்டு மடிப்பு கலையாம போட்டுக்கிட்டு, 1915-ல நியூ ஆர்லியன்ஸ்ல இருந்த அதே மிடுக்கோட.

அதுக்கப்புறம் பூல் ஹால் வேலை. காலையில ஒன்பது மணிக்கு திறந்து ராத்திரி பன்னெண்டு வரைக்கும். கூட்டுறது, துடைக்கிறது, பூட்டுறது. இதெல்லாம் நமக்கு எப்படி தெரியும்னா நியூயார்க்ல இருந்த அக்கா விக்டோரியாவுக்கு அவர் எழுதின கடிதங்கள் பிழைச்சிருக்கு. உழைக்கிற நேரத்துல கால்வாசி அளவுக்காவது காசு வந்தா போதும், ஆனாலும் கிடைக்கிறதுக்கு கடவுளுக்கு தினம் ராத்திரி நன்றி சொல்றேன்னு எழுதுறார். நியூயார்க் டிக்கெட்டுக்காக உண்டியல்ல காசு சேக்குறேன், இப்ப ஒரு டாலர் அறுபது சென்ட் இருக்கு, அதைத் தொடமாட்டேன்னு எழுதுறார். ரத்த அழுத்தம், ஒரு தடவை வைத்தியத்துக்கு மூணு டாலர், கட்டுப்படியாகல. யாரையும் திட்டல. காட்டன் கிளப் பத்தியோ லூயி பத்தியோ ஒரு கசப்பு வார்த்தை அதுல நான் படிச்சதில்ல. புது பல் செட் கிடைச்சதும் திரும்ப வாசிச்சுடலாம்ங்கிற நினைப்பு கடைசி வரைக்கும் இருந்துச்சு.

1938 ஏப்ரல்ல சவானாவுலயே இறந்தார். உடலை நியூயார்க் கொண்டு வர அக்கா தன் வீட்டு வாடகைக்கு வெச்சிருந்த காசை எடுத்தாங்க. பிராங்க்ஸ்ல வுட்லான் கல்லறையில அடக்கம், ஆர்ம்ஸ்ட்ராங் வந்திருந்தார், கல்வெட்டு வைக்க அக்கா கையில காசு மிச்சம் இல்ல. நெஞ்சு வலின்னு எல்லாரும் சொன்னாங்க, மனசு உடைஞ்சுதான் செத்தார்னு ஆர்ம்ஸ்ட்ராங் சொன்னார்.

"ஏன் அப்படி ஆச்சு"ங்கிறதுக்கு ஒத்தைக் காரணம் கிடையாதுன்னு இப்ப உங்களுக்கே புரிஞ்சிருக்கும். பல் ஒரு காரணம், பேங்க் ஒரு காரணம், காசு விஷயத்துல அவர் நடந்துக்கிட்ட விதம் ஒரு காரணம், கறுப்பின கலைஞருக்கு வயசான காலத்துல எந்தப் பாதுகாப்பும் இல்லாத ஒரு நாடு அதை விட பெரிய காரணம். ரசனை மாறினதும் சேர்ந்துக்கிச்சு: கூட்டு வாசிப்போட காலம் போய் சோலோவோட காலம் வந்துச்சு, அதைக் கொண்டு வந்தது அவர் வளத்த பிள்ளை.

கேக்கணும்னு தோணினா ஆர்ம்ஸ்ட்ராங்கைத் தேடிட்டு 1923 ரெக்கார்டுக்குள்ள போகாதீங்க, அப்படிப் போனா "சைம்ஸ் புளூஸ்"ல அவரோட முதல் சோலோ மட்டும்தான் கிடைக்கும், அதைக் கேட்டுட்டு திரும்பிடுவீங்க. சத்தம் டப்பாக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும், இரைச்சல் இருக்கும், ரெண்டு மூணு தடவை கேட்டா காது பழகிடும். "கெனால் ஸ்ட்ரீட் புளூஸ்" போடுங்க, ஹெட்ஃபோன்ல. முதல் தடவை ஜானி டாட்ஸோட கிளாரினெட்டை மட்டும் பிடிச்சுக்கிட்டு போங்க, மேல கொடி மாதிரி சுத்திட்டே இருக்கும். ரெண்டாவது தடவை டூட்ரேவோட டிரோம்போன், அது கீழ ஒவ்வொரு வரியையும் அடுத்த வரியோட இழுத்துக் கட்டும். மூணாவது தடவை நடுவுல நேரா நடந்து போற கார்னெட். அதிகம் அலங்காரம் பண்ணாம, மெட்டை விடாம, மத்த ஆறு பேருக்கும் இடம் விட்டு விட்டு வாசிக்கிறார் பாருங்க, அவர்தான் ஜோ ஆலிவர்.